ஆல்கஹால்கள்: பாலக்காட்டு எல்லையோரத்தில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் சித்தூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வேதியியல் சொல்லித் தருகிறேன். சிலர் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் படிப்பவர்கள். சிலர் தினமும் பஸ் ஏறிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்ப் படிப்பவர்கள். பாடநூல் எதுவானாலும் ஆல்கஹால் பாடத்துக்கு வந்துவிட்டால் எழும் சந்தேகங்கள் ஒன்றேதான். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், ஆல்கஹால் என்றால் சாராயம்தானே? அதற்கு எதற்கு ஒரு முழுப் பாடம்?

சாராயத்தில் இருப்பது எத்தனால். ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பம். எத்தனால் அதில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். தலைவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் மென்தால் ஓர் ஆல்கஹால். கேக்கில் ஈரம் காயாமல் இருக்கச் சேர்க்கும் கிளிசரின் ஓர் ஆல்கஹால். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் கொலஸ்டிரால், கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ என்கிற ரெட்டினால், ரோஜா வாசனைக்குக் காரணமான ஜெரானியால், எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

இவை அனைத்துக்கும் பொதுவான அடையாளம் ஒன்று. கார்பன் ஒன்றில் ஆக்சிஜனும், அந்த ஆக்சிஜனில் ஹைட்ரஜனும் கோத்திருக்கும். இதை ஹைட்ராக்சில் தொகுதி என்கிறோம். வகுப்பில் சுருக்கமாக ஓஹெச். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே கார்பன் சங்கிலியை வைத்தால் ஆல்கஹால். ஆகவே ஒவ்வோர் ஆல்கஹாலிலும் தண்ணீரின் குணம் பாதி, எண்ணெயின் குணம் பாதி. எந்தப் பாதி ஓங்குகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஓஹெச் இருந்தாலே அது ஆல்கஹால் என்று எழுதிவிடலாமா?

கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடிலும் ஓஹெச் இருக்கிறது. அங்கே அது அயனி, பொருள் கடுமையான காரம். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்திலும் ஓஹெச் இருக்கிறது. ஆனால் அதைத் தாங்கும் கார்பன் ஏற்கெனவே இன்னோர் ஆக்சிஜனுடன் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. அதனால் அது கார்பாக்சிலிக் அமிலம். பென்சீன் வளையத்தின் கார்பனில் நேரடியாக ஓஹெச் அமர்ந்தால் அது ஃபீனால். அது தனி வகுப்பு.

ஓஹெச்சைத் தாங்கும் கார்பன் நான்கு ஒற்றைப் பிணைப்புகளோடு நிறைவுற்றதாக இருந்தால்தான் அது ஆல்கஹால். பென்சைல் ஆல்கஹாலில் பென்சீன் வளையம் இருந்தும் அதை ஆல்கஹால் என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கும் இதுவே விடை. அங்கே ஓஹெச் இருப்பது வளையத்துக்கு வெளியே உள்ள கார்பனில்.

ஒரே பொருளுக்கு மூன்று பெயர் சொல்கிறார்கள். எதைப் படிப்பது?

மெத்தனால், மெத்தில் ஆல்கஹால், மர ஸ்பிரிட் மூன்றும் ஒன்று. தேர்வுக்கு முதலாவது போதும். கடைச் சீட்டைப் படிக்க மற்றவையும் தெரிந்திருக்க வேண்டும். எழுதும்போது துணைக்காலை விட்டுவிடாதீர்கள்: எத்தனால் ஆல்கஹால், எத்தனல் ஆல்டிஹைடு. விடைத்தாளில் இந்த ஒரு கால் போய்விட்டால் மதிப்பெண்ணும் போய்விடும்.

ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்பதற்கு எதை எண்ண வேண்டும்? ஓஹெச்சையா, கார்பனையா?

முதலில் ஓஹெச்சைத் தாங்கும் கார்பனைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கார்பனோடு வேறு எத்தனை கார்பன்கள் நேரடியாகச் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் ஓரிணையம்: எத்தனால். இரண்டு என்றால் ஈரிணையம்: காயம் துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மூன்று என்றால் மூவிணையம்: மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால். மெத்தனாலில் பக்கத்துக் கார்பனே கிடையாது. அதையும் ஓரிணையத்தோடு சேர்த்துவிடுகிறோம்.

ஓஹெச்சை எண்ணுவது வேறு கணக்கு. ரேடியேட்டர் கூலன்டில் உள்ள கிளைக்காலில் இரண்டு ஓஹெச், கிளிசரால் என்கிற கிளிசரினில் மூன்று. கிளிசராலை ‘மூவிணையம்’ என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அதன் ஓரத்துக் கார்பன்கள் இரண்டும் ஓரிணையம், நடுக்கார்பன் ஈரிணையம்.

எத்தனாலும் புரொப்பேனும் ஏறக்குறைய ஒரே எடை. ஒன்று பாட்டிலில் திரவம், இன்னொன்று கேஸ் சிலிண்டரில். ஏன் இப்படி?

எத்தனாலின் மூலக்கூறு நிறை 46, புரொப்பேனுடையது 44. எத்தனால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. புரொப்பேன் மைனஸ் 42-இலேயே கொதித்துவிடுகிறது. இன்னும் வியப்பான ஜோடி ஒன்று உண்டு. டைமெத்தில் ஈதரும் எத்தனாலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே 46. ஆனால் ஈதர் மைனஸ் 24-ஐ ஒட்டியே ஆவியாகிவிடுகிறது. அணுக்கள் மாறவில்லை, அடுக்கிய விதம் மட்டுமே மாறியது. அதற்கே நூறு டிகிரி வித்தியாசம்.

காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. ஓஹெச்சில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மை பெறுகிறது. அது அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கைகோத்து நடக்கும் குடும்பத்தைப் பிரித்து இழுப்பது கடினம் அல்லவா, அதுபோலத்தான். ஈதரில் ஆக்சிஜன் உண்டு, ஆனால் அதில் ஒட்டிய ஹைட்ரஜன் இல்லை. அதனால் தங்களுக்குள் கோத்துக்கொள்ள வழியில்லை. ஓஹெச் கூடக் கூடப் பிடியும் இறுகும்: கிளைக்கால் 197 டிகிரி, கிளிசரால் 290 டிகிரி.

அப்படியென்றால் எல்லா ஆல்கஹாலும் தண்ணீரில் கரைய வேண்டுமே? கரையவில்லையே?

முதல் பதிலில் சொன்ன இரண்டு பாதிகளும் இங்கேதான் மோதுகின்றன. கார்பன் எண்ணிக்கை மூன்று வரை ஓஹெச்சின் கை ஓங்கியிருக்கிறது. மெத்தனால், எத்தனால், புரொப்பனால் எந்த அளவிலும் தண்ணீரோடு கலக்கும். நான்கு கார்பன் உள்ள நேர்ச்சங்கிலி பியூட்டனால் 100 மில்லி தண்ணீரில் 7 கிராம் சொச்சம்தான் கரையும். ஆறு கார்பனுக்கு வந்தால் ஒரு கிராம்கூடக் கரையாது.

பன்னிரண்டு கார்பன் உள்ள லாரைல் ஆல்கஹாலை நம் ஊரில் யாரும் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் பாதி லாரிக் அமிலம். அதை ஒடுக்கினால், அதாவது ஆக்சிஜனைக் குறைத்து ஹைட்ரஜனைச் சேர்த்தால், லாரைல் ஆல்கஹால் கிடைக்கும். அதன் ஓஹெச் முனையில் சல்ஃபேட்டை ஏற்றிச் சோடியம் உப்பாக்கினால், ஷாம்பூப் புட்டியின் பின்னால் எழுதியிருக்கும் சோடியம் லாரைல் சல்ஃபேட். பதினாறு கார்பன் உள்ள செட்டைல் ஆல்கஹால் மெழுகுபோலக் கெட்டியாக இருக்கும். முகக் கிரீமில் ‘ஆல்கஹால்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து கேட்ட தாய்மார்களுக்கு: அது தோலை வறளச் செய்யாது, மிருதுவாக்கவே சேர்க்கிறார்கள்.

கார்பன் எண்ணிக்கையோடு வடிவமும் சேர்ந்து பேசும். மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலிலும் நான்கு கார்பன்தான். ஆனால் அவை நீளாமல் பந்துபோல ஓஹெச்சைச் சுற்றி ஒடுங்கியிருப்பதால் அது தண்ணீரோடு முழுமையாகக் கலக்கும். அந்தப் பந்து வடிவமே இன்னொரு வேடிக்கையையும் காட்டுகிறது. அதன் உருகுநிலை சுமார் 25 டிகிரி. மார்கழிக் காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது அலமாரியிலுள்ள பாட்டிலை எடுத்துப் பாருங்கள்: கண்ணாடிச் சுவரை ஒட்டி வெள்ளை ஊசிகளாகப் படிகங்கள் நிற்கும். உள்ளங்கைக்குள் சற்று நேரம் பொத்தி வைத்திருந்தால் ஊசிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து திரவமாகிவிடும். உருகுநிலை என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை.

கள் மரத்திலிருந்து இறங்கும்போதே அதில் ஆல்கஹால் இருக்குமா?

பாளையிலிருந்து சொட்டும்போது இருப்பது சர்க்கரைத் தண்ணீர், பெரும்பாலும் சுக்ரோஸ். ஆனால் கலயத்தின் உட்சுவரில் நேற்றைய கள்ளின் ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றிலிருந்தும் பூச்சிகளின் காலிலிருந்தும் இன்னும் வந்து சேர்கிறது. அதனால் சொட்டு விழுந்த நிமிடமே வேலை தொடங்கிவிடுகிறது. முதலில் இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோசைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைக்கிறது. பிறகு சைமேஸ் அவற்றை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் மாறினால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் வாயு. காலையில் இறக்கிய கலயத்தின் வாயில் காதை வைத்தால் சர்ரென்று கேட்கும் ஓசை அந்த 88 கிராமின் ஓசை.

கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் கதையே வேறு. காரத்தன்மையில் ஈஸ்ட் பெருக முடியாது. சர்க்கரை சர்க்கரையாகவே நின்று பதநீர் ஆகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. சட்டம் எல்லைக்கு எல்லை மாறினாலும், ஒரே பாளையிலிருந்து இறங்குவது பதநீரா கள்ளா என்பதைத் தீர்மானிப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்.

கள்ளை இன்னும் நாலு நாள் புளிக்க வைத்தால் பிராந்தி அளவுக்குப் போதை ஏறுமா டீச்சர்?

ஏறாது. எத்தனால் ஈஸ்ட்டின் கழிவு; அளவு மீறினால் அந்தக் கழிவே ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். சாதாரணமாக 15 சதவீதத்தை ஒட்டி வேலை நின்றுபோகும். கள்ளில் அந்த எல்லையைத் தொடும் முன்பே வேறொரு கூட்டம் புகுந்துவிடுகிறது: அசிட்டோபேக்டர் பாக்டீரியாக்கள். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. நாலு நாள் வைத்தால் கிடைப்பது கள் வினிகர். கேரளச் சமையலில் அதற்கு நல்ல மதிப்பு.

சரி, காய்ச்சி வடித்துக்கொண்டே போனால் 100 சதவீத எத்தனால் வந்துவிடுமல்லவா?

எடையில் 95.6 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த விகிதத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து 78.2 டிகிரியில் ஒரே பொருள்போலக் கொதிக்கின்றன; மேலே போகும் ஆவியிலும் அதே விகிதம், கீழே நிற்கும் திரவத்திலும் அதே விகிதம். இதற்குக் கொதிநிலை மாறாக் கலவை என்று பெயர். எத்தனை அடுக்குக் கோபுரம் கட்டினாலும் பயனில்லை. எரிசாராயம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

மீதித் தண்ணீரை வேறு வழியில் வெளியேற்ற வேண்டும். சுட்ட சுண்ணாம்பு சேர்த்தால் அது தண்ணீரை விழுங்கிக்கொள்ளும். பிறகு வடித்தால் தண்ணீர் இல்லாத தனி ஆல்கஹால். இப்போது ஆலைகளில் மூலக்கூறு சல்லடை பயன்படுத்துகிறார்கள். அதன் துளை 3 ஆங்ஸ்ட்ராம் அளவு. தண்ணீர் நுழையும், எத்தனால் நுழையாது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் இப்படி உலர்த்தியதுதான்.

மெத்தனாலும் எத்தனாலும் பார்க்க ஒன்று, மணமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று மட்டும் ஏன் உயிரை வாங்குகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளைகளுக்கும் நான் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 1982 ஓணம் சமயத்தில் கொச்சிக்கு அருகே வைப்பினில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் மெத்தனாலால்தான். ஒரே ஒரு கார்பன் வித்தியாசத்தால் ஏற்பட்ட சாவு என்று இதைச் சொல்லலாம்.

கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. அது எத்தனாலை எத்தனலாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக்குகிறது. அதை உடல் எரித்துத் தீர்த்துவிடும். அதே நொதிகள் மெத்தனாலையும் அதே வழியில் கொண்டுபோகின்றன. ஆனால் அங்கே உண்டாவது ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். நம் உடலால் ஃபார்மிக் அமிலத்தை வேகமாக வெளியேற்ற முடியாது. அது சேரச் சேர ரத்தம் அமிலமாகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியே தடைபடுகிறது. கண்ணின் பார்வை நரம்புதான் முதலில் அடிபடுகிறது. எல்லாம் வெள்ளையாக, மூடுபனிக்குள் பார்ப்பதுபோல் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வது இதனால்.

மிகவும் ஆபத்தான விஷயம் இடைவெளி. குடித்தவுடன் சாதாரணப் போதைபோலவே இருக்கும். மெத்தனால் அமிலமாக மாறிச் சேர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். ‘ராத்திரி நன்றாகத்தானே இருந்தார்’ என்று வீட்டார் சொல்வதற்குக் காரணம் இதுவே. கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலே மருந்து என்று படித்தேன். அப்படியானால் வீட்டிலேயே பிராந்தி கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. அறிவியல் பகுதி உண்மைதான்: மேலே சொன்ன நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே விரும்பிப் பிடிக்கும். எத்தனால் இருக்கும்வரை மெத்தனால் மாறாமல் காத்திருக்கும். அதற்குள் சிறுநீரகம் வழியாகவும் டயாலிசிஸ் மூலமும் அதை வெளியேற்றிவிடலாம். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியையே அடைத்துவிடுகிறது.

ஆனால் இதெல்லாம் ரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொண்டே மருத்துவமனையில் செய்யும் சிகிச்சை. வீட்டில் கொடுத்தால் மயங்கியவருக்குப் புரையேறும், அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகும், நேரம் வீணாகும். பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்த மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

பற்றவைத்துப் பார்த்தால் நல்ல சாராயமா என்று தெரிந்துவிடும், நீலமாக எரிந்தால் நல்லது என்கிறார் எங்கள் மாமா. சரியா?

சரியில்லை. எத்தனாலும் நீலமாக எரியும், மெத்தனாலும் வெளிர் நீலமாக எரியும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் சுடர் கண்ணுக்கே தெரியாது. இரண்டும் கலந்திருந்தால் எந்தக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மணத்தாலும் சுவையாலும் முடியாது. ‘முதலில் வடியும் தலைச்சாராயத்தைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும்’ என்பதும் தவறான நம்பிக்கை. மெத்தனால் அப்படித் தனியாக முதலில் வந்து தீர்ந்துவிடுவதில்லை.

சர்க்கரையும் வெல்லமும் புளிப்பதில் மெத்தனால் மிக மிகக் குறைவு. பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து கொஞ்சம் வரும். கூட்டம் கூட்டமாக மக்கள் சாவது, தொழிற்சாலைக்கு என்று தயாரித்த மெத்தனாலை யாரோ கொண்டுவந்து கலப்பதால். அதை நெருப்பு காட்டிக்கொடுக்காது.

சானிடைசரில் ஏன் 70, 80 என்று போடுகிறார்கள்? 100 இன்னும் நன்றாகக் கிருமியைக் கொல்லாதா?

கிருமியின் புரதத்தைச் சிதைக்க எத்தனாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். தூய எத்தனால் மேற்பரப்பை மட்டும் உடனே கெட்டியாக்கிவிடுகிறது. அதோடு சட்டென்று ஆவியாகிவிடுவதால் வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் எத்தனால் 80 சதவீதம், அல்லது ஐசோபுரொப்பைல் 75 சதவீதம். கை வறளாமல் இருக்கச் சேர்க்கும் கிளிசராலும் ஓர் ஆல்கஹால்தான் என்பதைக் கவனியுங்கள். ஊசி போடும் முன் தடவும் பஞ்சு சில்லென்று இருப்பது, ஆவியாவதற்கான வெப்பத்தை அது நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்வதால்.

‘சர்க்கரை இல்லாத’ மிட்டாயில் சுகர் ஆல்கஹால் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைக்குப் போதை ஏறுமா?

ஏறாது. சார்பிட்டால், சைலிட்டால், மானிட்டால் ஆகியவை கார்பனுக்கு ஓர் ஓஹெச் வீதம் சுமக்கும் திண்மங்கள், மூளையை மயக்குவதில்லை. அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். நாய்க்கு மட்டும் சைலிட்டால் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு அது கடும் விஷம்.

இனிக்கும் ஆல்கஹால் எல்லாம் சாது என்றும் எண்ண வேண்டாம். கிளைக்காலும் டைஎத்திலீன் கிளைக்காலும் இனிக்கும். இரண்டும் சிறுநீரகத்தை அழிக்கும். 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்த ஒரு மருந்தைக் குடித்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கேனைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஆல்கஹால் அமிலமா, காரமா? லிட்மஸ் தாள் மாறவே இல்லையே?

சோடியம் துண்டு ஒன்றை எத்தனாலில் போட்டால் மெல்ல நுரைத்து ஹைட்ரஜன் வரும், சோடியம் எத்தாக்சைடு உண்டாகும். அந்த அளவில் அது அமிலம். தண்ணீரில் அதே சோடியம் ஓடித் தீப்பிடிக்கும். எத்தனாலில் அமைதியாகக் கரையும். லிட்மஸ் மாறாத அளவுக்கு அமிலத்தன்மை குறைவு. அமிலத்தின் வலிமையைக் காட்டும் பிகேஏ மதிப்பில் அசிட்டிக் அமிலம் 4.76, ஃபீனால் 10, எத்தனால் 16. எண் கூடினால் அமிலம் பலவீனம். அதனால் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் ஃபீனால் உப்பாகிக் கரையும், ஆல்கஹால் அசையாது.

மெத்தனாலிலிருந்து மூவிணையம் நோக்கிப் போகப் போக அமிலத்தன்மை இன்னும் குறையும். ஹைட்ரஜனை இழந்த ஆக்சிஜனைச் சுற்றிப் பருத்த தொகுதிகள் நின்றால் கரைப்பான் நெருங்கி வந்து அதைத் தாங்க முடிவதில்லை.

லூகாஸ் சோதனையில் பென்சைல் ஆல்கஹால் உடனே கலங்கிவிட்டது. அது ஓரிணையம்தானே? என் சோதனை தப்பா?

சோதனை சரி. ஆல்கஹால் ஓரிணையமா, ஈரிணையமா, மூவிணையமா என்று பார்க்கச் செய்வது இது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகக் குளோரைடைக் கரைத்தது லூகாஸ் கரணி. ஓஹெச் போய்க் குளோரின் வந்தால் உண்டாகும் குளோரைடு தண்ணீரில் கரையாது. பால் ஊற்றியதுபோல் கலங்கும். மூவிணையம் உடனே கலங்கும், ஈரிணையத்துக்குச் சில நிமிடங்கள், ஓரிணையம் அறை வெப்பநிலையில் தெளிவாகவே நிற்கும். சோதனைக் குழாயை வெள்ளைத்தாளுக்கு எதிரே பிடித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு பாருங்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் எல்லாம் குழம்பிவிடும்.

உண்மையில் இந்தச் சோதனை இணையத்தை எண்ணுவதில்லை. ஓஹெச் போனபின் மிஞ்சும் கார்பன் நேர்அயனி எவ்வளவு நிலையானது என்பதைப் பார்க்கிறது. மூவிணையத்தில் மூன்று பக்கத்துக் கார்பன்கள் தாங்குகின்றன. பென்சைலில் ஒரே வளையம், ஆனால் நேர்மின்சுமையை வளையம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. அதனால் அது உடனே கலங்குகிறது. அல்லைல் ஆல்கஹாலும் அப்படியே. இன்னொன்று: ஆறு கார்பனுக்கு மேல் உள்ள ஆல்கஹால்கள் கரணியில் கரையாமல் முதலிலேயே கலங்கித் தெரியும், அவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது.

மூவிணைய ஆல்கஹால் ஏன் ஆக்சிஜனேற்றம் அடைய மறுக்கிறது?

ஆக்சிஜனேற்றத்தில் ஓஹெச்சின் ஹைட்ரஜனும், அதைத் தாங்கும் கார்பனிலுள்ள ஹைட்ரஜனும் சேர்ந்து போக வேண்டும். அப்போதுதான் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு உருவாகும். ஓரிணையத்தில் அந்தக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் உண்டு: ஆல்டிஹைடு, பிறகு அமிலம். ஈரிணையத்தில் ஒன்று: கீட்டோனோடு நின்றுவிடும். மூவிணையத்தில் ஒன்றுமே இல்லை. மாற வேண்டுமானால் கார்பன் சங்கிலியே உடைய வேண்டும். கள் வினிகராவதும் கல்லீரல் செய்வதும் இதே முதல் வகைதான்.

வாளையாறு சோதனைச் சாவடியில் ஊதச் சொல்கிறார்கள். இருமல் மருந்து குடித்திருந்தாலும் காட்டிவிடுமாமே?

பழைய கருவிகளில் ஆரஞ்சு நிற டைகுரோமேட் இருந்தது. மூச்சிலுள்ள எத்தனாலை அது ஆக்சிஜனேற்றம் செய்யும்போது தானே பச்சை நிறக் குரோமியம் அயனியாக மாறும்; மேலே சொன்ன வினைதான். இப்போது கையில் வைத்திருப்பவை பெரும்பாலும் எரிமின்கல வகை: எத்தனால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வரும் மின்னோட்டத்தை அளக்கின்றன. நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம்.

எத்தனால் கலந்த இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் திரவமோ வாயில் ஒட்டியிருந்தால் முதல் ஊதலில் எண் ஏறும். அது வாயிலுள்ள ஆவி. 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதினால் இறங்கிவிடும். ரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக வருவது அப்படி இறங்காது.

ஒரே எத்தனால், ஒரே கந்தக அமிலம். ஒரு பக்கத்தில் ஈதர் என்றும் அடுத்த பக்கத்தில் எத்திலீன் என்றும் இருக்கிறதே?

வெப்பநிலைதான் வித்தியாசம். 140 டிகிரியில் எத்தனால் மிகுதியாக இருக்கும்போது இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு தண்ணீரை விட்டு டைஎத்தில் ஈதர் ஆகின்றன. 170 டிகிரியில் ஒரே மூலக்கூறு தன்னுள்ளிருந்தே தண்ணீரை இழந்து எத்திலீன் ஆகிறது. மூவிணைய ஆல்கஹால்களுக்கு இவ்வளவு சூடு தேவையில்லை. காரணம் லூகாஸ் பதிலில் இருக்கிறது.

இ20 பெட்ரோல் டாங்கில் மழைத்தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும்?

20 சதவீத எத்தனால் சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். டாங்கின் அடியிலிருந்து எரிபொருள் போகும் வண்டி அந்த அடுக்கைத்தான் முதலில் உறிஞ்சும், இன்ஜின் திணறி நிற்கும். எத்தனாலின் ஓஹெச் பாதி தன் சொந்தக்காரனைத் தேடிப் போய்விட்டது என்று பொருள். மைலேஜ் குறைவதற்குக் காரணம் வேறு: ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம் பெட்ரோல் தருவதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஒரே கார்பனில் இரண்டு ஓஹெச் வரவே முடியாது என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் கள் கலப்பட வழக்குகளில் வரும் குளோரல் ஹைட்ரேட் எப்படி இருக்கிறது?

இதைக் கேட்ட மாணவியை நான் வகுப்பிலேயே பாராட்டினேன். பொதுவாக ஒரு கார்பனில் இரண்டு ஓஹெச் வந்தால் அவை ஒரு தண்ணீரை உதறிவிட்டு ஆல்டிஹைடாகவோ கீட்டோனாகவோ மாறிவிடும். அதுபோலவே இரட்டைப் பிணைப்புள்ள கார்பனில் ஓஹெச் வைத்த வினைல் ஆல்கஹாலும் நிற்காமல் எத்தனலாக உருமாறிவிடும். இரண்டாம் பதிலில் நிறைவுற்ற கார்பன் வேண்டும் என்று சொன்னதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

குளோரல் என்ற ஆல்டிஹைடில் பக்கத்துக் கார்பனில் மூன்று குளோரின்கள் எலெக்ட்ரான்களைக் கடுமையாக இழுக்கின்றன. அந்த இழுப்பில் ஆல்டிஹைடு கார்பன் தவித்துப்போய்த் தண்ணீரைச் சேர்த்துக்கொள்கிறது, சேர்த்ததை விடுவதில்லை. அப்படி இரண்டு ஓஹெச்சோடு படிகமாகவே நிற்பது குளோரல் ஹைட்ரேட். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1832-இல் முதலில் தயாரித்தது. பின்னர் தூக்க மருந்தானது. உடலுக்குள் போனதும் அது டிரைகுளோரோ எத்தனால் என்ற உண்மையான ஓரிணைய ஆல்கஹாலாக ஒடுக்கப்படுகிறது. மயக்குவது முக்கியமாக அதுதான். சாதுவான கள்ளோடு இது சேர்ந்தால் இரண்டு மயக்கமும் ஒன்றையொன்று பெருக்கி மூச்சை அடக்கும். ஆய்வகத்தில் இதைக் காட்டிக்கொடுக்க ஒரு பழைய சோதனை உண்டு: காரமும் பிரிடின் என்ற திரவமும் சேர்த்துச் சூடாக்கினால் பிரிடின் அடுக்கு சிவக்கும். ஃபூஜிவாரா சோதனை என்று பெயர்.